முழுச்செற்றும் வந்த பிறகு

இன்று காலை விரிவுரை மண்டபத்துக் கதவைத் திறந்ததும் புதுப்பெட்டி மணம் முகத்தில் அடித்தது. பெட்டிக்குள் அடைக்கிற வெள்ளை ரெஜிபோமும் பொலித்தீனும் இன்னும் சூடு காணாத வயரும் கலந்த மணம். மற்றவர்களுக்குக் கலியாண வீட்டுக்குப் புதுப் பிரிஜ் வந்து இறங்கியதுபோல இருந்திருக்கும். நான் வந்த வழியே திரும்பினேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் கதிரையில் இருந்தேன்.

வந்துவிட்டதடி. எல்லாம் வந்துவிட்டது. புரொஜெக்டர், தானாக இறங்கும் திரை, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி, எங்கள் கணித சேரின் சட்டையில் குத்துகிற சின்ன ஒலிவாங்கி. ஒலிவாங்கியை வாங்கி முடிக்க எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. முன்பென்றால் இதை உனக்கு வாயசைத்துச் சொல்லியிருப்பேன். நீ மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்திருப்பாய். இப்போது கடதாசியில் எழுதுகிறேன். எழுத்தை வாசிக்கக் காதுக்கருவி தேவையில்லை என்பது வசதி. வாசிக்க நீ இல்லை.

முதல் நாள் நீ என் பக்கத்தில் வந்து இருந்தது என்மேல் உள்ள விருப்பத்தில் இல்லை. முன்வரிசையில் மிச்சம் இருந்தது அந்தக் கதிரைதான். நானும் படிப்பில் உள்ள விருப்பத்தில் முன்னுக்கு வரவில்லை. பின்வரிசைக் காற்றாடிகள் சுற்றாதவை. இருந்த கையோடு நீ என் பக்கம் குனிந்து இரகசியம் சொன்னாய்:

"எனக்குக் காது கேக்காது. கருவி போட்டாலும் அரைவாசிதான். முகத்தைப் பாத்தால் பிடிச்சிடுவன்."

உன் குரலின் அளவு உனக்குத் தெரியாது. கடைசி வரிசைவரை எல்லோருக்கும் கேட்டது.

"மெல்லமாக் கதை. இப்ப மண்டபத்துக்கே உன்ரை காது விசயம் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"நல்லதுதானே. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லுற வேலை மிச்சம்."

அந்த இடத்திலேயே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. என் வாய்க்குப் பதில் சொல்லுகிற ஆளை அதுவரை நான் காணவில்லை.

உன் பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் உன்னைப் பார்த்துத்தான் படிப்பிப்பார்களாம். இங்கே கணித சேர் பலகையைப் பார்த்துப் படிப்பிப்பவர். திரும்பினாலும் உதட்டை மூடிய மீசை. மீசைக்குள்ளிருந்து வருவதும் ஆங்கிலம். அதற்கு மேல், மண்டபத்துப் பழைய ஒலிபெருக்கி குளவிக்கூடு மாதிரி இரைந்துகொண்டிருக்கும். உன் கருவி சேரின் சொல்லை விட்டுவிட்டு அந்த இரைச்சலைத்தான் பெரிதாக்கித் தரும் என்றாய். புரொஜெக்டரோ திரையில் தேத்தண்ணீரை ஊற்றினதுபோல ஒரு மங்கல் வெளிச்சத்தைக் காட்டும், எழுத்தைக் காட்டாது.

அப்படித்தான் எங்கள் வேலைப்பங்கீடு வந்தது. சேர் சொல்வதை நான் காதால் எடுத்து, தமிழாக்கி, சத்தமில்லாமல் வாயால் உனக்குத் தருவது. நீ சேரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தபடி எழுதுவது. என் வாயை யாராவது அவ்வளவு கவனமாகப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா? இடைக்கிடை என் சரக்கையும் சேர்த்துவிடுவேன். சேர் எல்லைகள் படிப்பித்த அன்று, ஒரு சார்புக்கு எல்லை இல்லை என்று அவர் சொல்ல, சேரின் மீசைக்கும் எல்லை இல்லை என்று நான் வாயசைத்தேன். நீ வெடித்துச் சிரித்தாய்.

"அங்கை என்ன சிரிப்பு?" என்று சேர் திரும்பினார்.

நீ எழும்பி நின்று, மரியாதையாகத்தான் சொன்னாய். "சேர், இவள் உங்கடை மீசைக்கு எல்லை இல்லையாம் எண்டு சொல்லுறாள்."

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. நான் மேசைக்குக் கீழே போவோமா என்று பார்த்தேன். சேர் மீசையைத் தடவினார். "இவள் எப்ப சொன்னவள்? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

"எனக்கும் கேக்கேல்லை சேர். பாத்தனான்" என்றாய்.

அன்றுதான் அவருக்கு விசயம் விளங்கியது. அடுத்த நாள் உதடு தெரிய மீசையை வெட்டிக்கொண்டு வந்தார். ஆனால் பலகைக்குத் திரும்புகிற பழக்கத்தை எந்தக் கத்தரிக்கோலாலும் வெட்ட முடியவில்லை. கொஞ்ச நாளில் எங்களைக் கூப்பிட்டு, மண்டபச் சாமான் முழுவதையும் மாற்றப்போகிறார்கள், கொடுத்திருக்கிற ஓடரில் உனக்காக ஒரு பெட்டியும் சேர்த்திருக்கிறது என்றார். கழுத்தில் மாட்டுகிற பெட்டி.

"நான் பலகையைப் பாத்துக் கதைச்சாலும் நேரா உம்மடை காதுக்கருவிக்குள்ளை வரும்."

"எப்ப சேர்?"

"இந்தா, கப்பலிலை வருது."

வந்தது. கொழும்புக்கு வந்தது. பிறகு துறைமுகத்தில் சுங்கத் தீர்வை கட்டவில்லை என்று நின்றது. தீர்வை இல்லாமல் தீர்வு இல்லை என்று நான் சொல்ல, நீ அதைக் கொப்பி மட்டையில் எழுதி வைத்தாய். ஒவ்வொரு திங்களும் நீ ஒரே கேள்வி கேட்பாய், நான் ஒவ்வொரு திங்களும் வேறு பதில் சொல்வேன். கப்பலுக்குச் சளியாம். கொள்கலன் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டதாம். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, விளங்காத பக்கங்களைப் புரட்டுவாய். என் மொழிபெயர்ப்பில் எவ்வளவு கொட்டுப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் லொறி வந்தது. பாதிச் சாமான்தான். திரையும், சில வயர்களும், உன் பெட்டியும். ஒலிபெருக்கிகளும் புரொஜெக்டரும் அடுத்த பாசலில் என்றார்கள். நாங்கள் ஓடிப்போனோம். களஞ்சியத்துக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், தரையில், காதின் படம் போட்ட சின்ன மட்டைப்பெட்டி. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். களஞ்சியப் பொறுப்பாளரை எல்லோரும் ஸ்ரோர்ஸ் அண்ணை என்போம்; அவர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை.

"அண்ணை, உதை மட்டும் எடுத்துத் தாங்கோவன். உவளுக்கெண்டுதானே வந்தது" என்றேன்.

"பிள்ளையள், ஓடர் ஒண்டு. எல்லாத்தையும் ஒண்டாத்தான் கையெழுத்து வைச்சுப் பாரமெடுக்கலாம். முழுச்செற்றும் வந்தாத்தான் பிரிக்கலாம்."

"ஒரு சின்னப் பெட்டிதானே அண்ணை."

"சின்னதோ பெரிசோ, ஒண்டைப் பிரிச்சால் பாரமெடுத்த மாதிரி. பேந்து கொம்பனிக்காரன் மிச்சத்தை அனுப்பமாட்டான். போனமுறை ஆய்வுகூடச் சாமானை உப்பிடித்தான் அந்தரப்பட்டுப் பிரிச்சவை. மிச்சம் இண்டைவரைக்கும் வரேல்லை. உங்கடை சேரும் வந்து கேட்டவர். அவருக்கும் இதுதான் பதில்."

அவர் சொன்னதில் பிழையில்லை. எல்லோரும் சரியாகவே நடந்தார்கள். எல்லோரும் சரியாக நடந்ததில் நீ மட்டும் போய்விட்டாய்.

களஞ்சியத்துப் பூட்டைத் திறக்க நான் திட்டம் போட்டேன். ஸ்ரோர்ஸ் அண்ணை சாப்பிடப் போகிற நேரம், திறப்பு தொங்குகிற ஆணி, யார் காவல் நிற்பது, எல்லாம் தயார். கன்ரீனில் வைத்து வாயசைத்துச் சொன்னேன். நீ வடையை வைத்துவிட்டு, உன் கணக்கில் மெதுவாக, உண்மையில் கன்ரீன் முழுக்கக் கேட்க, "கள்ளி எண்டு பேரெடுத்துக் காது கேக்க வேண்டாம்" என்றாய். பக்கத்து மேசை எழும்பிப் பார்த்தது. திட்டம் அந்த இடத்திலேயே செத்தது. அதற்கும் சிரித்தோம்.

பரீட்சை வந்தது. பெட்டி களஞ்சியத்திலேயே இருந்தது.

பரீட்சைச் சுட்டெண் வரிசையில் உன்னை ஒரு மூலையிலும் என்னை மறு மூலையிலும் இருத்தினார்கள். கணித வினாத்தாள் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேற்பார்வையாளர் எழும்பி, மூன்றாம் கேள்வியில் ஒரு குறி பிழையாக அச்சாகியிருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள் என்று வாயால் அறிவித்தார். எல்லோரும் பேனையால் திருத்தினார்கள். நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பி வாயசைத்தேன். நீ நிமிரவில்லை. மேசையில் தட்டினேன். மேற்பார்வையாளர் வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"அங்கை என்ன கதை?"

"அவளுக்குக் காது கேக்காது மிஸ். நீங்கள் சொன்னது அவளுக்குத் தெரியாது."

"உம்மடை பகிடியளைப் பற்றி எனக்கும் தெரியும். பேசாமல் எழுதும்" என்றா.

அவவுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. உன் காது தெரிந்திருக்கவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது உன் முகம் வெளிச்சமாக இருந்தது. "மூண்டாம் கேள்விக்கு விடையே இல்லையடி" என்றாய். "முதலிலை எனக்குத்தான் பிழைக்குது எண்டு நினைச்சன். பிறகு பாத்தால், விடை இருக்கவே ஏலாது. இருக்க ஏலாதெண்டு நிறுவிப்போட்டு வந்திருக்கிறன். அதுக்கே முழு நேரமும் போட்டுது."

பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள், குறி திருத்தினவை எல்லோ, உமக்குத் தெரியாதோ என்று. நீ அவளுடைய உதட்டைப் பார்த்தாய். பிறகு என்னுடைய உதட்டைப் பார்த்தாய், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்பதுபோல. அந்த வெளிச்சம் போன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அச்சான கேள்விக்கு விடை இல்லை என்று நிறுவ எங்களோடு படித்த பச்சில் உன்னைத் தவிர ஒருவராலும் முடிந்திருக்காது. எங்களுக்கு அது தோன்றியே இருக்காது. நாங்கள் காது கேட்டவர்கள், திருத்திவிட்டுச் செய்தோம்.

கணிதம் போனது. வேறு இரண்டு பாடங்களும் போயின. அறிவித்தலைக் கவனிப்பது பரீட்சார்த்தியின் பொறுப்பு என்று பரீட்சைப் பகுதியில் சொன்னார்கள். மேன்முறையீடு எழுதச் சொல்லி சேர் உன்னைக் கெஞ்சினார். "காது கேக்கேல்லை எண்டு எழுதித்தான் நான் பாஸ் பண்ணோணுமோ சேர்?" என்று கேட்டாய். பிறகு என்னிடம், "நான் மொக்கடி. காதிலை பழியைப் போட்டுக்கொண்டு இருந்திட்டன்" என்றாய். திரும்ப எழுதலாமே என்றேன். "அடுத்த முறையும் இதே மண்டபம்தானே."

நீ படிப்பை விட்டுவிட்டுப் போன அன்று உன் ஊருக்குப் போகிற மயிலிட்டி பஸ்ஸடியில் நான் ஒரு பகிடியும் விடவில்லை. யன்னலுக்குக் கீழே நின்று, நீ மொக்கில்லை, எங்கள் எல்லோரையும்விட நீதான் கெட்டிக்காரி என்று சொல்லத் தொடங்கினேன். நீ முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மற்றவர்களுக்குக் காதைப் பொத்தக் கை வேண்டும். உனக்கு முகத்தைத் திருப்பினால் போதும். பஸ் வெளிக்கிட்டது.

மாரியில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்போம் என்று இருந்தேன். வியாழக்கிழமை செய்தி வந்தது.

மிச்சச் சாமான் அதற்குப் பிறகுதான் வந்தது. முழுச்செற்றும். இன்று கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி முடித்தார்கள்; வருகிற கிழமை நாடா வெட்டுகிறார்களாம். உன் பெட்டியையும் சோதிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க, சேர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். காதுக்கருவி இல்லாததால் காதில் வைத்துக் கேட்கிற செவிப்பன்னி ஒன்றைக் கொழுவித் தந்தார்கள். சேர் வழமைபோலப் பலகைக்குத் திரும்பி ஒரு கணக்கை எழுதினார்.

எனக்குக் கேட்டது. சுண்ணக்கட்டி உராய்வது கேட்டது. அவர் மூச்சு கேட்டது. எழுதுகிறபோது தனக்குத்தானே சொல்வதும் கேட்டது: இதை இப்படிப் பார்ப்போம், இல்லை, இது சரிவராது, ஏன் சரிவராது என்றால். நல்ல காதோடு முன்வரிசையில் இருந்த எனக்கே இதெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் பலகைக்குச் சொல்கிற அந்தக் கதைதான் கணக்கே. நான் உனக்குத் தந்தது வெறும் கோதுதான். அந்தக் கோதை வைத்துக்கொண்டு நீ, விடையில்லாத கேள்விக்கு விடையில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாய்.

"வடிவாக் கேக்குதோ?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர்."

அவர் சட்டையிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றினார். "நான் அந்தப் பூட்டை உடைச்சிருக்கோணும், என்ன?" என்றார்.  பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தா. காகத்தைக் கலைத்துவிட்டு, பாயில் இருக்கச் சொன்னா. பேசிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னா:

"அவளைப் படிக்கக் கம்பசுக்கு அனுப்பினது எங்கடை பிழை பிள்ளை. அவளாலை ஏலாதெண்டு விளங்காமல் அனுப்பிப்போட்டம். அதை யோசிச்சு யோசிச்சுத்தான் உடம்பு விட்டுக்குடுத்தது."

"அம்மா, எங்கடை பச்சிலை கெட்டிக்காரி அவள்தான்."

அம்மா என்னைப் பார்த்தா. நான் மூன்றாம் கேள்வியைச் சொன்னேன். குறி பிழைத்ததை, அறிவித்ததை, நீ நிறுவியதை, எல்லாம் சொன்னேன். அம்மா கவனமாகத்தான் கேட்டா.

"அப்ப கணக்குப் பிழைச்சதோ?"

"கேள்வி பிழைச்சது அம்மா. அவளுக்குப் பிழைக்கேல்லை."

அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. எழும்பிச் சீலையில் கையைத் துடைத்தா. "நீ பொல்லாத பகிடிக்காரி எண்டு அவள் ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுறவள். கேள்வி பிழைச்சதாம். அவள் இருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாள்."

"பகிடியில்லை அம்மா."

"சரி, சரி. இரு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

குசினிக்குள் போகிறபோதும் சிரித்துக்கொண்டுதான் போனா. நீ போன பிறகு அம்மா சிரித்து நான் காணவில்லை.  தேத்தண்ணீரைக் குடித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், கேள்விதான் பிழைச்சது, உனக்குப் பிழைக்கேல்லை என்ற அந்த வசனத்தை, நீ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி, சத்தமில்லாமல் வாயசைத்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மனுசி திரும்பி, "என்ன பிள்ளை, என்னட்டையோ கேட்டனீர்?" என்றா.

ஒன்றுமில்லை என்றேன்.