பாதிப் படியில் ஓர் இடம்

அக்கா,

காலையில் எதிர் வீட்டில் தச்சர் புதுக் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மரத்தூள் வாசம் ஜன்னல் வழியாக வந்ததும் செபமாலையில் எந்த மணியில் இருந்தேன் என்பது மறந்துபோயிற்று. "மாதாகிட்ட கூட கணக்கு வச்சிருக்கறவ நீ, உனக்கே தப்பிப்போச்சா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள் நாம். நீங்கள் மாடியில், நான் கீழே. மகள் வயிற்றுப் பேத்தியின் புதுநன்மை விழாவுக்கு ஒரு பொம்மை வீடு கொடுக்க ஆசைப்பட்டீர்கள். பெங்களூரிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே வீடு இல்லை. பலகைத் துண்டுகளும் ஓர் இங்கிலீஷ் தாளும்தான். திருப்பி அனுப்பிவிடலாம் என்றான் அவன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நாமளே கட்டிப்புடலாம் புள்ள" என்றீர்கள்.

பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நானாகப் படித்த இங்கிலீஷ் அன்றைக்கு உதவியது. துண்டுகளைத் தாளோடு ஒப்பிட்டு, வகைவாரியாக டம்ளர்களில் பிரித்து வைத்தேன். முன்சுவரையும் வாசல் நிலையையும் கடைசியில்தான் ஒட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. உங்களுக்கு அது பொறுக்கவில்லை. நிலை வைக்காமல் எந்த ஊரில் வீடு எழும்புகிறது என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மஞ்சள் தொட்டு, தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, முதலில் நிலையை வைத்தோம். பிறகு மற்ற சுவர்கள், மேல்தளப் பலகை. எல்லாம் இறுகிக் காய்ந்த பிறகுதான் படிக்கட்டு பெட்டியிலேயே கிடப்பதைக் கண்டோம். வாசல் வழியாக அது நுழையவில்லை.

விளையாட்டுச் சாமான்தானே, நிலையைப் பெயர்த்தெடுங்கள் என்று உங்கள் மகன் போனில் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை.

"வச்ச நெலயப் புடுங்குனா அது வூடா? நான் ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல அது வேணாம்."

சொல்லிவிட்டு மாடி ஏறினீர்கள். உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து வழக்கம்போல, பாதிப் படியில் சுவரைப் பிடித்து நின்றீர்கள். அந்த இடத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது. ஆக்சா பிளேடால் படிக்கட்டை நடுவில் இரண்டாக அறுத்தேன். இரண்டையும் வாசல் வழியாக உள்ளே விட்டு, இடையில் மிச்சப் பலகையில் ஒரு சிறு மேடை வெட்டி வைத்து, இடுக்கியால் பிடித்து ஒட்டினேன். நிலை அசையவில்லை. பெட்டியின் மேலிருந்த படத்தில் அப்படி ஒரு மேடை கிடையாது.

மறுநாள் வாசலில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நின்னு மூச்சு வாங்க எடம் வுட்டுக் கட்டியிருக்கா பாருடி" என்று மகளை அழைத்துக் காட்டினீர்கள். அப்புறம் வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினீர்கள். பேத்தியிடம் உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள். கூரைக்கு வண்ணம் பூசுவது மட்டும் பாக்கி என்று வீடு இங்கேயே இருந்தது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பாததால் அதை நான் தனியாகப் பூசினேன், நீங்கள் சொல்லிவிட்டுப் போன அதே செங்கல் நிறத்தில்.

நேற்று பேத்தி வந்திருந்தாள். பொம்மைகள் எல்லாம் அந்தப் பொம்மை வீட்டுக்குள் ஆளுக்கொரு வேலையாக இருந்தன. ஒன்று மட்டும் படி மேடையில் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அது எங்க ஆயா. மேல போயிட்டிருக்காங்க, அவசரமில்ல" என்றாள்.

மாடியில் துணி காயப்போட இப்போது நான்தான் ஏறுகிறேன், அக்கா. மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் பாதிப் படியில் நின்று, சுவரில் கை வைத்து, உங்களுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.