ஈஸ்டர் அன்று வாழைக்கு ஊற்றிய பானகம்

மாமா,

நேற்று மாலை சிதம்பரம் வடக்கு வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, ஒரு சின்னப் பந்தலில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராமநவமி. இரண்டு கையிலும் பையோடு ஒதுங்கிப் போகப் பார்த்தேன். பந்தலில் நின்ற அம்மாள் விடவில்லை. "வாங்கிக்குங்கம்மா, வெயிலுக்கு நல்லது" என்று காகிதக் கோப்பையை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்த வாசனை. குடிக்காமல் முதலில் முகர்ந்து பார்த்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்பதாம்மா கரைச்சது" என்றார். பானகத்தை முகராமல் குடிப்பதில்லை என்று நான் வைத்துக்கொண்டு பல வருடம் ஆகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இவ்வளவு நாளும் காரணம் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருந்தீர்கள். நீங்கள் போய் இது மூன்றாவது தவக்காலம்.

அக்காவைக் கட்டிக்கொண்டு முதுநகர் வீட்டுக்கு நீங்கள் அழைத்துப்போனபோது எனக்குப் பதினைந்து வயது. அன்று என்னைப் பாப்பா என்றீர்கள். பிறகு நான் ரசாயன ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, கல்யாணமாகி, அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் குடியேறி, தலை நரைத்த பிறகும் உங்களுக்குப் பாப்பாதான். உங்களைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர் கிடையாது. உங்களைப் போல அக்காவை அழவைத்தவரும் கிடையாது. ஏன் என்று ஊருக்கே தெரியும். துறைமுகத்தில் போட் இன்ஜின் வேலை முடிந்து ஆறு மணிக்குக் கை கழுவினால், அடுத்தது பாட்டில்.

தவக்காலத்தில் மட்டும் வேறு ஆள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பட்டதும் நிறுத்தினால் ஈஸ்டர் வரை தொடமாட்டீர்கள். உங்கள் கூட்டாளிகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஈஸ்டர் அன்று கறிக்குழம்பு கொதிக்கும்போதே விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடுவீர்கள். "நாப்பது நாளு சாமிக்கு, மிச்சம் எனக்கு" என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

நான் பானகத்தை முகரக் கற்றுக்கொண்ட அந்த வருடம், தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டுக் கிடக்கிறது, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். அக்கா போனில் அழுதாள். "நாப்பது நாளு பயமில்லடி, அவுரு இருந்துடுவாரு. ஈஸ்டர நெனச்சாதான் பயம்." ஊரெல்லாம் எதிர்பார்க்கிற திருநாள் வரவே கூடாது என்று அவள் ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு மணிக்கு என்ன கொடுப்பது என்று யோசித்துத்தான் ஆரம்பித்தோம். பங்குனி வெயில் வேறு. ஒரு நாள் நீர்மோர், இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு. ஒரு நாள் நன்னாரி சர்பத், எலுமிச்சை பிழிந்து, ஊறிய சப்ஜா விதையோடு. மாங்காயை வேகவைத்துப் பிசைந்து, வெல்லமும் சீரகமும் சேர்த்து ஒரு நாள். வெள்ளரிக்காயை அரைத்து வடிகட்டி மிளகுத்தூள் போட்டு ஒரு நாள். சனிக்கிழமைதோறும் நான் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குவேன், கூடையில் ஏதாவது புதுசு இருக்கும்.

நீங்கள் அதையும் விளையாட்டாக்கினீர்கள். டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பீர்கள். "சைடு டிஷ் எங்க?" என்று அதட்டுவீர்கள். நீர்மோருக்கு எந்த ஊரில் சைடு டிஷ் கேட்பார்கள்? அக்கா வேர்க்கடலை வேகவைத்தாள், மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைத்தாள். இரண்டாவது டம்ளருக்கு வேண்டுமென்றே தள்ளாடிக் காட்டுவீர்கள். அக்கா விளக்குமாற்றைத் தேடுவாள். அந்த வீட்டில் சாயங்காலத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் என்று நினைவு. மாங்காய்ப் பானகத்தைக் குடித்துவிட்டு, "எல்லாம் நல்லாதான் இருக்கு பாப்பா. ஆனா தொண்டையில ஒரு காரம் எறங்கணும். அதான் இல்ல" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு இவர் சாராயத்தையே மறக்கிற மாதிரி ஒன்று போடுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழன் காலையில் வெல்லத்தைக் கரைத்து, ஒரு கை இஞ்சி, சுக்கு, மிளகு எல்லாம் இடித்துப் போட்டேன். ஊறினால் காரம் ஏறும் என்று ஜாடியில் ஊற்றி, வாயில் வெள்ளைத்துணி கட்டி, அடுப்படி மூலையில் வைத்தேன். கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ரசம் போடுகிற அதே ஜாடி. தண்ணீர் விட்டு அலசியதோடு சரி, வெந்நீர்கூட ஊற்றவில்லை. வருடாவருடம் செய்து பழகிய கை, மூளையைக் கேட்காமல் துணியையும் கட்டிவிட்டது. நொதித்தல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் குடுவையில் செய்துகாட்டுகிற வேலை எனக்கு. ஈஸ்டர் காலை அதைக் கேனில் ஊற்றிக்கொண்டு ரயிலில் வரும்போது மூடி டப்பென்று தெறித்தபோதும், வண்டி குலுங்குகிறது என்றுதான் நினைத்தேன். இப்படியும் ஒரு மக்கு உண்டா, மாமா?

மதியம் எல்லோரும் கூடத்தில். முதல் டம்ளர் உங்களுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தீர்கள். அப்படியே நின்றீர்கள். இன்னொரு வாய் குடித்தீர்கள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, கேனையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் வாழை அடியில் கொட்டிவிட்டீர்கள். "கொழந்த அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கினு வந்தா, இப்படியா கொட்டுவீங்க?" என்று அக்கா கத்தினாள். "காரம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னீர்கள்.

கோபமாக உங்கள் பின்னால் வந்த என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள். "எந்த ஜாடியில போட்ட பாப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது நாள் அக்காவும் நீங்களும் கட்டியதை நானே என் கையால் கேனில் அடைத்துக்கொண்டு வந்து இடித்திருக்கிறேன்.

"தெரியாமதானே மாமா குடிச்சீங்க. தெரியாம குடிச்சா குடி இல்ல" என்றேன்.

"மொத வாய் தெரியாது." உங்கள் கண் வாழையையே பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டாவது வாய் தெரிஞ்சிதான் குடிச்சேன் பாப்பா. நாக்கு கேட்டுது. குடுத்துட்டேன்."

"மூணாவது வாயக் கொட்டிட்டீங்களே" என்றேன். நீங்கள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். எழுந்தபோது, "அக்காகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. நான் சாவுற வரைக்கும் சொல்லாத" என்றீர்கள். சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு நீங்கள் தொடவே இல்லை. கூட்டாளிகள் பந்தயம் கட்டித் தோற்றார்கள். மாரடைப்பு வந்து நீங்கள் போனபோது, அடக்கப் பூசையில் ஃபாதர் உங்கள் மன உறுதியைச் சொன்னார். ஒரு தவக்காலத்தில் விட்டவர், திரும்பிப் பார்க்காதவர் என்றார். அக்கா பெருமையோடு அழுதாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தேன். குடும்பத்தில் எல்லோரும் உங்களை அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன், போன மாதம் வரைக்கும்.

இந்த மடலே அதற்காகத்தான். என் மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான் மாமா. விட்டானா, அனுப்பினார்களா என்று கேட்கவில்லை. உங்கள் தோளில் உட்கார்ந்து துறைமுகம் பார்த்தவன்தான். உங்களுக்கு இருந்த பழக்கம் அவனுக்கும் வந்திருக்கிறது. சாம்பல் புதன் அன்று விட்டான், பத்து நாள் இருந்தான், பதினோராம் நாள் குடித்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் எழுப்பி நீர்மோர் கொடுத்தேன். வாங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, "பெரியப்பா மாதிரி எனக்கு வராதும்மா. அவுரு ஒரே தடவையில விட்டவரு. நான் அந்த ஆளு இல்ல. என்ன வுட்டுடு" என்றான்.

சாகும் வரை என்றுதானே சத்தியம் வாங்கினீர்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது ஏமாற்று என்று எனக்கே தெரியும். பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, துணி, வாழை, இரண்டாவது வாய், எல்லாம். நீங்கள் பெற்ற மகள்களுக்கும் காட்டாத முகத்தை அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவன் திரும்பினான். "பெரியப்பாவா?" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்து, டம்ளருக்குக் கை நீட்டினான்.

அவன் தேறுவானா என்று எனக்குத் தெரியாது, மாமா. இன்னொரு தடவையும் விழலாம். உங்கள் நல்ல பெயரில் ஒரு துண்டைக் கிழித்து என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீங்களே கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான், என்னை மன்னியுங்கள்.

உங்கள்
பாப்பா