நர்ஸம்மா துவைத்த கம்பளி

மட்டாஞ்சேரி
9.6.2024

அன்பு மகள் ஸ்நேஹாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். மழைதான் எங்களை நலமாக விடவில்லை. நாங்கள் துணி வெளுக்கிற டோபி கானாவில் ஒரு வேட்டி ஒழுங்காகக் காயவில்லை. நீ இருக்கிற மலையில் போனுக்கு ரேஞ்ச் இல்லாததால், எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். கோழி கிளறியது போலிருந்தால் கோழியை மன்னித்துவிடு.

ரேஷன் ஜீப்பில் இரண்டு வெள்ளைக் கோட்டு வருகிறது. நீலத்தில் முக்கி, கஞ்சி போட்டு, நானே தேய்த்தது. நிறுத்தி வைத்தால் நீ இல்லாமலே நடந்துபோய் ஊசி போடும். பக்கத்துத் தொட்டியில் துவைக்கிற சங்கிலிப்பாண்டி, "யாருதுடே, கலெக்டர் துணியா?" என்றான். "அதுக்கும் மேல. என் மக நர்ஸு" என்றேன்.

தலைமுறை தலைமுறையாக ஊரார் அழுக்கை வெளுத்தோம். உன் கை சோப்புத் தண்ணீரில் ஊறாமல் தப்பியதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். அந்தக் கோட்டை மலைக்குடி முழுக்கப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா மாரிச்செல்வம்

*

24.6.2024

அன்புள்ள அப்பா,

கோட்டுகள் வந்தன. கோபப்படாமல் படியுங்கள்: இனி அனுப்ப வேண்டாம்.

இங்கே வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பிள்ளைகள் ஏலக்காட்டுக்குள் ஓடுகிறார்கள். பெரியவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். முன்பு கோட்டோடு வந்தவர்கள் ஊசியைக் குத்திவிட்டு அன்றைக்கே ஜீப் ஏறிவிட்டார்களாம். ராமாயி என்று ஒரு பெண்; ஏழு மாதம். முதல் பிள்ளை வீட்டுப் பிரசவத்தில் தவறிவிட்டது. இப்போது கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன வாரம் கோட்டைக் கழற்றிவிட்டு, என் அழுக்குத் துணியோடு பெண்கள் துவைக்கிற ஆற்றுக்குப் போனேன். குனிய முடியாமல் நின்ற ராமாயியின் கம்பளியை வாங்கித் துவைத்தேன். "நர்ஸம்மாவுக்கு இது யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றாள். "பார்த்துப் பார்த்து வந்ததுதான். எங்க அப்பா டோபி" என்றேன். அன்றுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். இப்போது தினமும் ஆற்றுக்குப் போகிறேன்.

உங்கள் ஸ்நேஹா

*

22.7.2024

அன்புள்ள அப்பா,

ஜீப் வந்து வந்து போகிறது. உங்கள் கடிதம் இல்லை. டிரைவர் நிகில் சேட்டன், "அச்சன் பிணங்கியோ?" என்று கேட்கிறார். ஆமாம், அப்பாவுக்கு என் மேல் கோபம் என்றேன்.

உங்களுக்கு எது வலித்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், நாளைக்கும் செய்வேன். ராமாயி மலை இறங்கச் சம்மதித்துவிட்டாள். நானும் கூடவே வந்து, பிள்ளை பிறக்கும்வரை இருக்க வேண்டுமாம். இருப்பேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

ஸ்நேஹா

*

மட்டாஞ்சேரி
1.9.2024

அன்பு மகளே,

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, ராமாயிக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றாய். நான் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பேசத் தெரியாதவன் இப்போது எழுதுகிறான்.

பிணங்கியது உண்மைதான். ஆற்றுச் சங்கதியைப் படித்ததும் அம்மாவிடம்கூட முகம் கொடுக்கவில்லை. தினமும் பேனாவை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் அவள்தான் கேட்டாள்: "அவ ஆத்துல நின்னது உங்களுக்கு அசிங்கம்னா, நீங்க தினம் தொட்டியில நிக்கறது என்னவாம்?" சாயா ஆறிவிட்டது என்று அவள் மேலேயே பாய்ந்தேன். உன் அப்பாவின் அறிவு அவ்வளவுதான். நான் பெருமைப்பட்டதெல்லாம் கோட்டுக்கு நான் போட்ட கஞ்சியைப் பார்த்து. கோட்டுக்குள் இருந்தவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்று காலை சங்கிலிப்பாண்டி, "மக மலையில என்னடே பண்றா?" என்றான். இத்தனை நாள் "டாக்டர் மாதிரிதான்" என்று மழுப்பி வந்தேன். இன்று எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆத்துல துணி துவைக்கிறா" என்றேன். கல்லில் அடிக்கிற சத்தம் அப்படியே நின்றது. பிறகு தேய்த்துக்கொண்டே ராமாயி கதை முழுவதையும் சொன்னேன். சங்கிலிப்பாண்டி ஈரக் கையோடு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கதை முடிவதற்குள், சுள்ளிக்கல் பாங்க் மேனேஜரின் சட்டை முதுகில் தேய்ப்புப் பெட்டி முழுசாகக் கருகிப் பதிந்துவிட்டது. நாளைக்குப் போய்த் திட்டு வாங்க வேண்டும். போகிறதுதான் போகிறோம், அவரிடமும் சொல்லிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

உன் அப்பா,
டோபி மாரிச்செல்வம்