ஹாஜி அடித்த ஆணி

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், ஆனால் கோபம்தான் அடங்கவில்லை.

நாங்கள் வர்ணம் பூசும் மரப் பள்ளிவாசலை சீனாவிலிருந்து வந்து குடியேறிய நம் துங்கன் இன முன்னோர் ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டினார்கள். அதன் தூணில், நன்கொடை தந்த மன்சுர் ஹாஜி நேற்றுத் தன் பெயர்ப்பலகையை ஆணி வைத்து அடித்துவிட்டார்.

“ஒரு ஆணிதானேடா, என்ன குடி முழுகிடப் போவுது?” என்றார்.

“நூறு வருஷமா கூரையே ஆணியில்லாம நிக்குது ஹாஜி. உங்க பேரு நிக்காதா?” என்று கத்திவிட்டு, குறடால் பிடுங்கி எறிந்தேன். கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. இமாம் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். தூணில்தான் ஓட்டை விழுந்துவிட்டது.

உங்கள் கையால் அரைத்த மிளகாய் விழுது அனுப்புங்கள். சாரத்திலிருந்து கூப்பிடுகிறார்கள்.

நம் வீட்டில் என் கோட்டு மாட்டும் ஆணியை மட்டும் யாரும் பிடுங்கிவிட வேண்டாம்.

மகன் இஸ்மர்