குருந்தடிவட்டைக்கு ஒரு பக்கம்

02.05.2007
பாறூக் நானாவின் கணினிக் கடையில் அகதி முகாம்காரரின் விண்ணப்பங்களை அடிக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது பெரிய வேலை. ஆனால் மனம் கட்டாரில், அண்ணனிடம் நிற்கிறது. மாசியில் அண்ணன் கடைசியாகக் கதைத்தபோது சொன்னது: "வைகாசி முப்பத்தொண்டோட கொன்ராக்ட் முடியுது. அதுக்குள்ள உங்கட சத்தம் கேட்காட்டி வந்திருவன்." பங்குனியில் ஷெல்லுக்குப் பயந்து வவுணதீவை விட்டு முகாமுக்கு ஓடிவந்தோம். அவருடைய நம்பர் இருந்த கொப்பி வீட்டோடு போயிற்று.

மே 31க்கு இன்னும் இருபத்தொன்பது நாள். வந்தால்? போன கிழமை முகாம் வாசலில் இரண்டு பொடியன்களை ஆரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் காணவில்லை.

03.05
அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் நெட்கபேயில் ஊர்ச்செய்தி தேடுவார். வரவேண்டாம் என்று, அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு இணையப் பக்கம் செய்தால்?

09.05
செய்து இணையத்தில் ஏற்றிவிட்டேன். ஃபுரொன்ட்பேஜ் மென்பொருளில், பாமினி எழுத்துருவில், சுற்றிவர ரோசாப்பூ வைத்து. கடைக் கணினிகள் இரவில் நிறுத்தினால் அன்றைக்குச் செய்த எல்லாவற்றையும் மறந்துவிடும். சோதனைக்கு வருகிற ஆமிக்காரருக்குப் பயந்து நானா அப்படி ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார். அதனால் வேலையைப் பென்டிரைவில் கொண்டு திரிகிறேன்.

12.05
நேற்று வெள்ளி. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நானா பின்னால் வந்து நின்றார். திரையை மூடப் பார்த்தேன். "மறைக்காதீங்க புள்ள. அவர்ட மெஷினில பாமினி இருக்கா?"
"தெரியா நானா."
எழுத்துருவை மாற்றிக் காட்டினார். "அண்ணன்" என்று நான் அடித்த இடத்தில் mz;zd; என்று நின்றது.
"அங்க இப்பிடித்தான் தெரியும். கூகிளுக்கும் இப்பிடித்தான். ரோசாப்பூ மட்டும் வடிவா வரும்."
மூன்று நாள் வேலை. அழுகை வந்தது — அவர் முன்னால் அழவில்லை.

14.05
யுனிகோட்தான். அரபு தெரிகிற கணினியில் அதுவும் தெரியுமாம். ஆனால் பழைய ஃபுரொன்ட்பேஜா, வலைப்பூவா? வலைப்பூ வெறும் வெள்ளைத்தாள் மாதிரி. ஆனால் கையில் எதையும் கொண்டுபோகத் தேவையில்லை. காலையில் சென்றியில் ஆமிக்காரன் பென்டிரைவை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். திருப்பித் தந்தான்.

வலைப்பூ. வடிவு வேண்டாம்.

15.05
அம்மா: "பேர் போடாதகா. முகாமையும் போடாத. தேடி வாறது உன்ர அண்ணன் மட்டுமில்ல."
பேரில்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? வவுணதீவு என்று தேடினால் பக்கம் பக்கமாக யுத்தச் செய்தி. நான் அதற்குள் எங்கே?

16.05
ரெலிபோனில் அண்ணன் எங்களை விசாரிக்க முதல் எங்கட வயல் குருந்தடிவட்டையைத்தான் விசாரிப்பார். வட்டைப் பேர் எந்தச் செய்தியில் வரும்? தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. போட்டால் என் பக்கம் மட்டும்தான் வரும். இவ்வளவு சந்தோஷம்!

தலைப்பு: குருந்தடிவட்டை. கீழே: "இரண்டு பேரும் சுகம். இங்கே தண்ணீர் இல்லை, இந்தமுறை விதைக்க வரவேண்டாம். அங்கேயே இன்னொரு போகம் செய்யவும்."

18.05
வெள்ளி. தேடினால் என் பக்கம் வரவில்லை. "கூகிள் வந்து பார்க்கோணுமே, நாள் எடுக்கும்" என்கிறார் நானா. எனக்கு நாள் இல்லையே.

22.05
வந்துவிட்டது! ஒரேயொரு பக்கம். என்னுடையது.

25.05
கடைசி வெள்ளி. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை.

26.05
பேரில்லாத ஒரு பின்னூட்டம்: "குருந்தடிவட்டை வாய்க்காலைக் கட்டினது ஆர்?"

அம்மா பயந்துவிட்டாள். "ஆருகா கேக்கிறது? பதில் போடாத." நானாவும் அதைத்தான் சொன்னார். அண்ணனா? வேறு ஆரும் அண்ணன் மாதிரிக் கேட்கிறார்களா? பிடிக்க நினைப்பவன் எங்கே இருக்கிறீர்கள் என்றுதானே கேட்பான்? அண்ணனுக்கும் என் மேல் இதே சந்தேகம் இருக்காதா?

அடித்தேன்: "கட்டவே இல்லை. கட்டுறன் கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு பிளேன் ஏறினீங்க."

29.05
பதில் இல்லை. பிழை விட்டேனோ?

31.05
இன்று. ஒன்றும் இல்லை. முகாம் வாசலில் வான் நின்றாலே அம்மா எழும்பிவிடுகிறாள்.

01.06
பின்னூட்டம்: "பூரணி, கையெழுத்துப் போட்டிட்டன். ரெண்டு வருஷம்."

முகாமுக்கு ஓடிப்போய் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். "வரமாட்டானா?" "வரமாட்டார்." அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக: "ஒருத்தருக்கும் சொல்லாத மகள். மகன் வரமாட்டானாம் எண்டு சிரிக்கிறாள் எண்டு சனம் கதைக்கும்."