மூன்றாம் நம்பர் கேன்

ஜூன் 4, செவ்வாய்

டிராக்டருக்கு அடியில் விரித்த அட்டையில் இன்றும் எண்ணெய். நேற்று விரல்நுனி அளவு, இன்று உள்ளங்கை அளவு. பவர் ஸ்டீயரிங் டேங்கில் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகுகிறது. இருபத்தெட்டு வயது வண்டி. என் முட்டி முனகாத முனகலா?

ஸ்பேனரோடு அடியில் படுத்து, பைப் கிளாம்பை இறுக்கினேன். கசிவு நின்றது. எழுந்து நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

நிற்கவில்லை.

ஜூன் 8, சனி

கசிவது ஸ்டீயரிங் சிலிண்டரில் ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம், அதாவது சீல். அதை வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். மனைவியின் தம்பியும் கூட வந்தான். அவனுக்குச் சொந்த டிராக்டர் கிடையாது. ஆறு வருடமாக என் வண்டியை எடுத்துப் போய்த்தான் தன் நிலத்தை உழுகிறான்.

"எப்படி சார் போச்சு சீல்?" என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஆகாதே!

"எல்லாம் நம்ம மச்சான் கைவண்ணம்தான். வண்டிய நிறுத்தி வெச்சுக்கிட்டு ஸ்டீயரிங்க அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ஒடிச்சா, சீல் பாவம் என்ன செய்யும்?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. "எனக்கு வேற வேலை இருக்கு மாமா, நீங்க போங்க" என்று நடந்தே போய்விட்டான். ரோஷக்காரன். இரண்டு நாளில் சரியாகிவிடுவான்.

ஜூன் 12, புதன்

முன் அச்சிலிருந்து ஸ்டீயரிங் சிலிண்டரைக் கழற்றி, சீல் மாற்றி, திரும்ப மாட்டினேன். மூன்று நாள் வேலை. அதில் ஒரு நாள் தொலைந்த ஒரு வளையத்தைத் தேடுவதில் போனது. சட்டைப் பையில் இருந்தது.

சொட்டு இல்லை.

"தம்பிக்கு போன் பண்ணி வண்டி ரெடின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"வேணும்னா அவனே வந்து கேப்பான்."

தட்டு டங்கென்று மேசையில் விழுந்தது.

ஜூன் 17, திங்கள்

அவன் வரவில்லை. மழை பெய்து மண் நல்ல பதத்தில் இருக்கிறது. மண்வெட்டியை வைத்துக்கொண்டு நிலத்தை ஓரமாகக் கொத்திக்கொண்டிருக்கிறானாம். மனைவி பார்த்துவிட்டு வந்து அழுதாள்.

"அவன்தான் உடைச்சான்னு நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேனா? இல்லை. வேறு யார் ஓட்டுகிறார்கள்? நானும்தான் ஓட்டுகிறேன். ஆனால் நான் உடைக்க மாட்டேனே.

ஜூன் 20, வியாழன்

அட்டை நனைந்திருக்கிறது. புது சீல், எட்டே நாள். இந்த எட்டு நாளும் வண்டியைத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

இதை எழுதும்போதே காது சுடுகிறது.

ஜூன் 22, சனி

சீலைக் கழற்றினேன். ஊறிப் பருத்து, திரும்ப அதன் பள்ளத்தில் உட்கார மறுக்கிறது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விரலில் உருட்டினார், முகர்ந்தார்.

"இது ஓட்டினதால போனது இல்ல சார். ஸ்டீயரிங் டேங்க்ல பிரேக் ஆயில் கலந்திருக்கு. அது பட்டா இந்த ரப்பர் இப்படித்தான் ஊதிப்போகும். புதுசு போட்டாலும் நிக்காது. யார் ஊத்தினது?"

"விசாரிக்கிறேன்" என்றேன். விசாரிக்கிறாராம் துரை!

வீட்டுக்கு வந்து இதே நோட்டைப் புரட்டினேன். மார்ச் 10: 'கொட்டகை சுத்தம். எல்லா ஆயிலையும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்களில் ஊற்றி நம்பர் ஒட்டினேன். மூன்றாம் நம்பர் பிரேக், நான்காம் நம்பர் ஸ்டீயரிங். இனிக் குழப்பத்துக்கே இடமில்லை.' மே 19: 'ஸ்டீயரிங் டேங்கில் ஆயில் குறைந்திருந்தது. மூன்றாம் நம்பரிலிருந்து நிரப்பினேன்.'

முத்து முத்தான கையெழுத்து. நிறம் வேறு, வாசனை வேறு. ஆனால் நம்பர் ஒட்டியிருக்கும்போது கண் எதற்கு, மூக்கு எதற்கு?

ஜூன் 23, ஞாயிறு

கடைக்காரன் மட்டமான சீலைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிடலாமா? ஒரு மணி நேரம் யோசித்தேன். நல்ல பொய்தான். சொல்ல வாய் வரவில்லை. மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவன எங்க வெச்சு சொன்னீங்களோ, அங்க வெச்சு சொல்லுங்க."

ஜூன் 24, திங்கள்

நிலத்துக்குப் போய், "கடை வரைக்கும் வர்றியா?" என்றேன்.

"எதுக்கு? இன்னும் ஏதாச்சும் உடைச்சுட்டேனா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் வந்தான், பத்தடி தள்ளி.

கடையில் நல்ல கூட்டம். கூட்டம் வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்ட நாளாயிற்றே! "அன்னிக்கு இவன் உடைச்சான்னு சொன்னேன்ல? இவன் இல்ல. நாந்தான். பிரேக் ஆயில ஸ்டீயரிங்ல ஊத்தினது நாந்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அன்றைவிடச் சிரிப்புச் சத்தம் அதிகம்.

வெளியே வந்ததும் மச்சான் சொன்னான்: "ஒவ்வொரு தடவையும் உங்க வாசல்ல வந்து நின்னு, 'எடுத்துக்கட்டுமா மாமா'ன்னு கேக்கறதே எனக்குக் கூச்சமா இருக்கும். அதுக்கு மேல இது வேற."

ஆறு வருடம். நான் அதை மரியாதை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். உடனே "எடுத்துக்கோ" என்று சொல்லாமல், யோசிப்பதுபோல் மோவாயைத் தடவிவிட்டுத்தான் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 29, சனி

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இருந்த ஆயிலை எல்லாம் வடித்தேன். புது ஆயில் ஊற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்து, மறுபடி வடித்தேன். மூன்று தடவை. பம்ப், பைப், சிலிண்டர், எங்கெல்லாம் ரப்பர் உண்டோ அங்கெல்லாம் புதிது. கேன்களில் நம்பரைக் கிழித்துவிட்டுப் பெயர் எழுதியாயிற்று. எழுதியது மனைவி. என்னை விடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாற்றுச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். "உங்கிட்டயே இருக்கட்டும். இனிமே கேக்காத, எடுத்துட்டுப் போ." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜூலை 3, புதன்

வரவில்லை.

ஜூலை 6, சனி

காலையில் கொட்டகையில் வண்டி இல்லை. அட்டை மட்டும் கிடந்தது, காய்ந்து. மனைவியிடம் ஓடினேன்.

"தம்பி வந்து எடுத்துட்டுப் போயிட்டான். 'மாமாவ எழுப்பட்டுமா'ன்னு கேட்டேன். 'எதுக்குக்கா'ன்னுட்டான்."

எதுக்குக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.