மலேரியா என்ற சாக்கு

மகளுக்கு,

ஆராய்ச்சிக்குப் போன காட்டில் மலேரியா வந்துவிட்டது, அதனால் வீட்டுக்கு வர முடியாது என்று போனில் சொன்னாய். "உங்களுக்கும் ஒட்டிக்கும்ப்பா" என்றாய். எட்டாவதோடு நின்றவன், நம்பிவிடுவான் என்ற நினைப்பு.

நீ விட்டுப்போன பாடப்புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். கொசு கடித்தால்தான் பரவுமாம். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாதாம். ஒட்டுண்ணிகளையே ஆராயும் உனக்கா இது தெரியாது?

"பெத்த பொண்ணையே வேவு பாக்குறீங்களா?" என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ கட்டிக்கொண்டவனை விட்டுத் தனியாக வர உனக்கு மனமில்லை, அதுதான் சங்கதி. அவன் நம் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றேன். சொன்னது சொன்னதுதான்.

உன் அறையில் கொசுவலை கட்டியிருக்கிறேன். இரண்டு பேர் படுக்கும் அளவு. கடையில் அதுதான் இருந்தது.

இப்படிக்கு,
கோபம் குறையாத அப்பா